நாலாங்காலின் பங்கு

பாலம் விழப்போகிறது என்று சொன்னால் ஊர் பதறும். பாலத்தில் ஒரு தூண் மட்டும் அளவுக்கு மீறி உறுதியாக இருக்கிறது, அதன் பூட்டைக் கழற்றிவிடப் போகிறேன் என்று சொன்னால் ஊர் அடிக்க வரும். நான் இரண்டாவதைத்தான் சொன்னேன். அதுவும் சங்குமுனைப் பஞ்சாயத்துக் கூடத்தில், இருநூறு பேருக்கு முன்னால், ஒலிபெருக்கியில்.

என் பெயர் மங்களேஸ்வரி. அந்தமானின் வடக்கே சங்குமுனைத் தீவையும் எதிரே உள்ள மலைத்தீவையும் இணைக்கும் பாலத்துக்கு மூன்று வருடமாக நான்தான் பராமரிப்புப் பொறியாளர். சங்குமுனை தட்டையான தீவு. அங்கே மிக உயரமான இடம் பள்ளிக்கூடத்தின் மொட்டைமாடி. கடல் பொங்கினால் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேரும் பாலத்தைக் கடந்து எதிர்க்கரை மலைக்குப் போயாக வேண்டும். கடலடி அதிர்வுகளைக் காது வைத்துக் கேட்கும் நிலையம், நாற்பது நாட்களுக்குள் பெரிய நிலநடுக்கம் என்று அறிவித்திருந்தது. நடுக்கம் நின்றபின் அலை வந்துசேர இருபத்தைந்து நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடமும் பாலம் நிற்க வேண்டும். எனக்குக் கொடுத்திருந்த வேலை அவ்வளவுதான்.

முன்கூட்டியே கப்பலில் ஏற்றிக்கொண்டு போகலாமே என்று கேட்பீர்கள். இதே அறிவிப்பு இதற்குமுன் இரண்டு தடவை வந்து பொய்த்திருந்தது. இரண்டு தடவையும் ஒரு மாதம் முகாமில் கிடந்து திரும்பியவர்கள், மூன்றாம் தடவை நகர மாட்டோம் என்றார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த முகாமின் கழிப்பறைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கூட்டத்தில் முதலில் எழுந்தவர் பிரதான் சவரிராயன். இங்கே பஞ்சாயத்துத் தலைவரைப் பிரதான் என்பார்கள்.

"மேடம், ஊர்ல எல்லாரும் தூணு பலமில்லன்னு சண்டை போடுவாங்க. நீங்க பலமா இருக்குன்னு சண்டைக்கு வந்திருக்கீங்க. நாலாங்கால் எங்களுக்கு வெறும் தூணு இல்ல. தெரியும்ல?"

தெரியும். பாலம் கட்டும்போது நான்காம் தூணில் வேலை பார்த்த ராக்கப்பன் என்பவர் அலை அடித்து விழுந்து போனார். உடல் கிடைக்கவில்லை. பாலம் உயிர்க்காரையால் கட்டப்பட்டது. அந்தக் காரைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இருக்கின்றன. சர்க்கரைக் கரைசல் ஊட்டினால் அவை சுண்ணாம்பு சுரந்து விரிசலை அடைத்துக் காரையை இறுக்கும். ஊட்டாவிட்டால் தூங்கிவிடும், காரை மெல்ல நைந்துபோகும். ஒவ்வொரு தூணிலும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஊட்டுத்துளை ஒன்று உண்டு. ராக்கப்பன் போன பிறகு வந்த வெள்ளிக்கிழமை, அவர் மனைவி சந்தனமாரி அவருக்குப் பிடித்த பானகத்தைக் கொண்டுபோய் நான்காம் தூணின் துளையில் ஊற்றினார். அடுத்த வெள்ளி பக்கத்து வீட்டுக்காரியும் போனாள். பதினோரு வருடத்தில் அது ஊர் வழக்கமாகிவிட்டது. பரீட்சைக்குப் போகிறவன், பெண் பார்க்கப் போகிறவன், வலை புதிதாக வாங்கியவன், எல்லோரும் நாலாங்காலுக்கு ஊற்றிவிட்டுத்தான் போவார்கள்.

"ஊத்துனது தப்புங்கிறீங்களா?" என்றார் பிரதான்.

"தப்பு ஊத்துனதுல இல்லண்ணே. ஒரே தூணுக்கு ஊத்துனதுல."

நான் ஒரு வாழைத்தண்டைக் கொண்டுவந்திருந்தேன். அதில் ஒரே உயரத்தில் ஏழு ஈர்க்குச்சிகளும் நான்காவதாக ஒரு மூங்கில் குச்சியும் செருகி, மேலே ஓர் அட்டையைப் பதித்துக் கட்டியிருந்தேன். பொறியியல் படித்தவள் செய்கிற வேலையா இது என்று என் அதிகாரிகள் கேட்பார்கள். அவர்கள் கூட்டத்துக்கு வரவில்லை.

முன்வரிசையில் இருந்த சந்தனமாரியைக் கூப்பிட்டேன். ஐம்பது வயது இருக்கும். படகுத்துறையில் மீன் ஏலம் விடுகிறவர், குரல் அப்படி.

"அக்கா, இந்த அட்டையப் பக்கவாட்டுல தள்ளுங்க. மெதுவா."

தள்ளினார். ஈர்க்குச்சிகள் ஏழும் வளைந்து கொடுத்தன. மூங்கில் வளையவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளியதும் அது வாழைத்தண்டைப் பிளந்துகொண்டு பிடுங்கி வந்தது. அட்டை சரிந்தது.

"பூமி ஆடும்போது தூணு முதல்ல ஆடும். மேல இருக்கிற தளம் கனம், அது நகர மாட்டேன்னு நிக்கும். அந்த இழுபறி முழுக்கத் தூண்ல விழும். எட்டுத் தூணும் சேர்ந்து வளைஞ்சு குடுத்தா ஆளுக்கு எட்டுல ஒரு பங்கு. நூத்துக்குப் பன்னிரண்டரை. வளையாம ஒருத்தன் விறைச்சுக்கிட்டு நின்னா எல்லாம் அவன் தலையிலதான். போன வாரம் வந்த சின்ன அதிர்வுல அளந்தேன். நாலாங்கால் மட்டும் நாப்பத்தொண்ணு தாங்குது. பெருசா வந்தா அவரு முதல்ல போவாரு. அவரு போனா அந்த வேகத்துல மத்த ஏழும் ஒண்ணுபின்னால ஒண்ணாப் போகும்."

"பழைய பாலமெல்லாம் இப்படித்தான் விழுந்துச்சா?" என்றார் பிரதான்.

"பாதி இப்படி. மீதி, தளம் உட்கார்ந்திருக்கிற இருக்கை குறுகலா இருந்ததால நழுவி விழுந்துச்சு. அதப் பாத்துத்தான் நம்ம பாலத்துக்கு ரெண்டு கரையிலயும் ஒன்றரை முழம் இருக்கை வச்சிருக்காங்க. அதுல கவலை இல்ல. கவலை நாலாங்கால்தான். தளத்தையும் அதையும் பிடிச்சிருக்கிற பூட்டக் கழட்டிட்டா, தளம் அது மேல வழுக்கிக்கிட்டுப் போகும். பாரம் மத்த ஏழுக்கும் சமமாப் பிரியும்."

கூடம் இரைந்தது. நாலாங்காலை ஒதுக்கி வைப்பதா என்று ஒருவர் கேட்டார். ஒலிபெருக்கியை யாரோ பிடுங்கினார்கள். சந்தனமாரி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தார்.

"கழட்டுங்க மேடம்," என்றார். கூடம் அடங்கியது. "வீட்லயும் அவரு அப்படித்தான். தம்பி கல்யாணம், எங்கப்பா வைத்தியம், எல்லாத்தையும் ஒத்தையிலயே இழுத்துக்குவாரு. செத்தும் அதையே செய்யணுமா? போதும்."

 நான் அட்டையை வாங்கி மடித்தேன். அப்போதுதான் அவர் இன்னொன்றும் கேட்டார், சாதாரணமாக.

"அவரு பாரத்த மத்த ஏழும் தாங்கிக்குமா? அதுங்க எதுவும் சாப்பிடுறதே இல்லியே."

"ஆபீஸ்ல ஊட்டுறாங்க அக்கா. வருசத்துக்கு ரெண்டு தடவை டாங்கர் லாரி வருதுல்ல."

"டாங்கர் வரும். பாலத்து நடுவுல நிக்கும். போட்டோ எடுப்பாங்க. போயிரும். நான் பதினோரு வருசமா அங்கதான் கிடக்கிறேன். ஒருத்தரும் கீழ இறங்கி நான் பாத்ததில்ல. அதுதான் வேலை போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

மறுநாள் காலை, தண்ணீர் வற்றிய நேரத்தில், லக்ராவும் நானும் டிங்கி என்கிற சின்னப் படகில் போனோம். லக்ரா என் மேற்பார்வையாளர். ராஞ்சியிலிருந்து காடு வெட்ட வந்தவர்களின் பேரன், என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். இரண்டாம் தூணின் ஊட்டுத்துளையில் டார்ச் அடித்தார். உள்ளே குளவிக்கூடு. ஒன்றல்ல, ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு வருடக் கூடு. ஐந்தாம் தூணின் துளையில் நண்டு குடியிருந்தது. ஏழாவதில் மூடியே துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது, சுத்தியால் அடித்துத்தான் திறந்தோம். காரையில் நகத்தால் கீறினேன். பொடி உதிர்ந்தது.

"மேடம்ஜி," என்றார் லக்ரா, "நாலாங்கால் கொழுத்துப் போகல. மத்த ஏழும் பட்டினி கிடந்திருக்கு."

நான் டிங்கியின் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். ஊட்டப்பட்டது என்று ஆறு முறை பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவள் நான். ஒப்பந்தக்காரர் டாங்கர் பாலத்தில் நிற்கும் படத்தை அனுப்புவார். படம் தெளிவாக இருக்கும். நான் போட்டுவிடுவேன். கீழே இறங்கிப் பார்க்க ஓர் ஏணியும் முக்கால் மணி நேரமும் போதும். நாற்பத்தொன்றைப் பார்த்ததும் பானகம் ஊற்றும் ஜனங்களின் அறியாமை என்று முடிவு கட்டியவளும் நானே. எழுதி வைத்த காகிதத்தைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை. ஜனங்களைச் சந்தேகப்படச் சட்டென்று தோன்றிவிட்டது. வெட்கமாக இருந்தது, இன்னும் இருக்கிறது.

பூட்டைக் கழற்றியிருந்தால், நைந்துபோன ஏழு தூண்களின் மேல் முழுப் பாரத்தையும் நானே இறக்கி வைத்திருப்பேன்.

தலைமை அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பினேன். ஊட்டக்கரைசல் அனுப்ப ஒப்புதல் கிடைக்க மூன்று மாதம் என்று பதில் வந்தது. எங்களிடம் மிச்சம் முப்பத்தாறு நாள்.

அன்று மாலையே மறுபடியும் கூடம். இந்தத் தடவை ஒலிபெருக்கி வேண்டாம் என்றேன். ஆறு கையெழுத்தைப் பற்றி முதலில் சொன்னேன். யாரோ கெட்ட வார்த்தையில் திட்டினார்கள், சரியாகத்தான் திட்டினார்கள். பிறகு கணக்கைச் சொன்னேன். தூணுக்கு வாரம் முந்நூறு லிட்டர் இனிப்புத் தண்ணீர். ஏழு தூணுக்கு இரண்டாயிரத்து நூறு. ஊரில் நானூற்று முப்பது வீடு. வீட்டுக்கு அஞ்சு லிட்டர் போட்டால் சரியாக வரும்.

"சுக்கு, ஏலக்காய் எதுவும் வேண்டாம். எலுமிச்சை கண்டிப்பாப் பிழியக் கூடாது," என்றேன்.

"அது தெரியும்," என்றார் சந்தனமாரி. "காரைக்குப் புளிப்பு ஆகாதுன்னு அவரு சொல்லியிருக்காரு. நான் என்னைக்கும் பிழிஞ்சதில்ல."

"அதோட இன்னொண்ணு. நாலாங்காலுக்கு இனி ஒரு சொட்டு கிடையாது. மத்தவங்க அவரோட சமமாகிற வரைக்கும் அவரு விரதம்."

இதற்குத்தான் பயந்திருந்தேன். சந்தனமாரி தலையை மட்டும் ஆட்டினார்.

வேலை தொடங்கியது. கடையில் இருந்த வெல்லம் மூன்று நாளில் தீர்ந்தது. ரேஷன் சர்க்கரை வந்தது. அதுவும் தீர்ந்தபின் தென்னைகளிலிருந்து பதநீர் இறக்கினார்கள், மூன்று தலைமுறையாக மரம் ஏறாதவர்கள்கூட ஏறினார்கள், இரண்டு பேர் விழுந்து காலை உடைத்துக்கொண்டார்கள். காலை வற்றத்தில் பதினெட்டு டிங்கிகள் பிளாஸ்டிக் டிரம்களோடு தூண்களுக்கு நடுவே நிற்கும். லக்ரா குளவிகளிடம் கொட்டு வாங்கி ஒரு கண் வீங்கிப்போய், எல்லோரையும் இந்தியில் திட்டிக்கொண்டு, தமிழில் வேலை வாங்கினார். வீட்டில் டீக்குச் சர்க்கரை இல்லை என்று முதல் வாரம் முனகினார்கள். இரண்டாம் வாரம் அதையும் விட்டுவிட்டார்கள்.

தினமும் ஓரிரண்டு சின்ன அதிர்வு வரும். ஒவ்வொன்றுக்கும் என் கருவி பங்கைச் சொல்லும். நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு, முப்பத்து மூன்று. அந்த எண்ணைப் பஞ்சாயத்துச் சுவரில் கரியால் எழுதி வைத்தோம். ஜனங்கள் வேலைக்குப் போகிற வழியில் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

மூன்றாம் வாரம் எண் முப்பத்து மூன்றிலேயே நின்றுவிட்டது. ஐந்து நாள், அசையவில்லை.

"நம்பர் இறங்கல மேடம்ஜி," என்றார் லக்ரா. "நாலாங்கால் துளை ஈரமா இருக்கு. எறும்பு மொய்க்குது."

வெள்ளிக்கிழமை காலை நான் தனியாக டிங்கி எடுத்துப் போய் நான்காம் தூணடியில் காத்திருந்தேன். சந்தனமாரி ஏணியில் இறங்கி வந்தார். என்னைப் பார்த்தும் திரும்பிப் போகவில்லை. முந்தானையிலிருந்து சின்னத் தூக்குச்சட்டியை எடுத்தார்.

"ஒரே ஒரு டம்ளர் மேடம். இதுல என்ன ஆயிரும்?"

"உங்க ஒரு டம்ளர்ல ஒண்ணும் ஆகாது. நீங்க ஊத்துறதப் பாத்துட்டு நானூறு வீடும் ஒரு டம்ளர் ஊத்துதுக்கா. சந்தனமாரியே ஊத்துறா, நாம ஊத்துனா என்னன்னு."

அவர் தூக்குச்சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு உங்ககிட்ட இதக் கேக்க யோக்கியதை இல்ல," என்றேன். "நான் செய்ய வேண்டியத ஒழுங்காச் செஞ்சிருந்தா நீங்க இன்னைக்கு இந்த முடிவெடுக்க வேண்டியதே இல்ல. ஆனாலும் கேக்குறேன்."

 அழுதார், மறைக்கவில்லை. "அவரு போன அன்னைக்குக் கோவிச்சுக்கிட்டுச் சாப்பாடு கட்டிக் குடுக்கல மேடம். வெறும் வயித்தோட போனாரு. அதான் விட முடியல." பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, லக்ரா மற்ற துளைகளுக்குச் செய்து வைத்திருந்த மர அடைப்பு ஒன்றைக் கேட்டார். கொடுத்தேன். நாலாங்காலின் துளையில் வைத்து என் சுத்தியலை வாங்கி அவரே அடித்தார், மூன்று அடி. தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, என் டிங்கியில் ஏறி ஐந்தாம் தூணுக்கு விடச் சொன்னார்.

அதன்பின் எண் இறங்கியது. இருபத்தாறு. இருபத்திரண்டு. பதினெட்டு.

அறிவிப்பு வந்ததிலிருந்து முப்பத்தெட்டாம் நாள் காலை பத்தே முக்காலுக்கு நடுக்கம் வந்தது. அறிவிப்பு அந்த ஒரு தடவை பொய்க்கவில்லை. நான் பாலத்தின் சங்குமுனைப் பக்கக் கருவி அறையில் இருந்தேன். தரை முதலில் குலுங்கி, பிறகு முன்னும் பின்னும் இழுத்தது. எழுந்து நிற்க முடியவில்லை, தரையோடு ஒட்டிக் கிடந்தேன். பாலத்தின் தளம் கரையோர இருக்கையில் முன்னும் பின்னும் உரசுகிற சத்தம் பல்லைக் கூசவைத்தது. எழுபது விநாடி. அவ்வளவு நீளமான எழுபது விநாடி என் வாழ்வில் வேறு இல்லை.

நின்றதும் ஏணியில் இறங்கி ஓடினேன். பாலம் நிற்கிறது என்பதும் பாலத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் நடக்கலாம் என்பதும் வேறு வேறு. லக்ரா டிங்கியை எடுத்துத் தயாராக நின்றார். தண்ணீர் ஏற்கெனவே பின்வாங்கத் தொடங்கியிருந்தது. எட்டுத் தூணையும் பார்க்க நான்கு நிமிடம். எட்டிலும் அடியில், ஒரே உயரத்தில், நூல் அளவு விரிசல். ஒன்றில் அதிகமில்லை, ஒன்றில் குறைவில்லை. நாலாங்காலும் மற்றவர்களைப் போலவே விரிந்திருந்தது. அப்படித்தான் விரிய வேண்டும். எட்டுப் பேரும் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து கொடுத்து, யாரும் முறியாமல். தளம் முக்கால் முழம் நகர்ந்திருந்தது, இருக்கையில் இன்னும் இடம் இருந்தது.

மேலே ஏறி, கடக்கலாம் என்று பச்சைக் கொடியை ஆட்டினேன். யாரும் அசையவில்லை. எல்லோரும் தளம் விலகிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சந்தனமாரிதான் என் கையைப் பிடித்தார்.

"வாங்க மேடம், நாம முதல்ல நடப்போம்."

நடந்தோம். பின்னால் ஊர் வந்தது. பதினாறு நிமிடத்தில் கடைசி ஆளும், கால் உடைந்த இரண்டு பேரைச் சுமந்த கட்டில்களும் மலையடிக்கு வந்துவிட்டன. அலை வந்தபோது மேலேயிருந்து பார்த்தோம். வீடுகள் போயின. பஞ்சாயத்துக் கூடம் போயிற்று. ஆள் ஒருவரும் போகவில்லை.

ஆறு வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக் குழு வந்தது. என்னைத் தண்டிக்கத்தான் என்று நினைத்து ஜெயிலுக்கு மாற்றுத் துணி எடுத்து வைத்துக்கொண்டு போனேன். அவர்கள் பாராட்ட வந்திருந்தார்கள். மலைத்தீவுப் பள்ளியின் ஒரு வகுப்பறையில், குழுத் தலைவர் அறிக்கையின் முடிவுரையைப் படித்துக் காட்டினார். துறையின் ஒழுங்கான ஊட்டமே பாலத்தைக் காத்தது. அதற்குச் சான்று, பொறியாளர் மங்களேஸ்வரி கையெழுத்திட்டுள்ள பதிவேடு. எனவே இதே காரையால் கட்டப்பட்டு, இதே முறையில் பதிவேடு பராமரிக்கப்படும் மற்ற பதினான்கு பாலங்களுக்கும் நிலநடுக்கத் தகுதிச் சான்று வழங்கலாம்.

"பதினாலுக்கும் இதே ஒப்பந்தக்காரரா சார்?"

"ஆமாம்மா. பதிவேடு எல்லாம் பளிச்சுன்னு இருக்கு. ஒரு நாள் விடுபடல. உங்களுக்குப் பதவி உயர்வுக்கும் எழுதியிருக்கேன்."

"பானகம் ஊத்துனது பத்தி நான் அனுப்புன கடிதம்?"

"அந்த உணர்ச்சியெல்லாம் அறிக்கையில எதுக்கு?" சிரித்தார். நல்ல மனிதர்தான். "ஜனங்க ஒத்துழைச்சாங்கன்னு ஒரு வரி சேர்த்திருக்கேன்."

ஜன்னலுக்கு வெளியே கூடாரங்கள் தெரிந்தன. நான் பதினான்கு பாலங்களின் பட்டியலை வாங்கிப் படித்தேன். எட்டுப் பாலங்கள் என் ஊரைப் போன்ற தட்டையான தீவுகளில் இருந்தன. அந்த ஊர்களில் நாலாங்கால் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் பாலத்தடியில் நின்று, டாங்கர் வந்து போவதைப் பார்க்கிற ஒருத்தியும் இல்லை.

"அந்த ஆறு கையெழுத்தும் என்னோடது சார். ஆறும் பொய். எழுதிக்கோங்க."

அவர் சிரிப்பு நின்றது. "யோசிச்சுப் பேசுங்க. வேலை போயிரும். வழக்கும் வரும். இப்ப இருக்கிறபடி விட்டா யாருக்கும் ஒரு கெடுதியும் இல்ல."

"யோசிச்சாச்சு சார்."

அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் பேனாவைத் திறந்து எழுதும்வரை எழுந்திருப்பதாக இல்லை.